கொண்டு போய் வைக்கிற கூலி

எங்க அண்ணிகிட்ட மீன் தொட்டி வாங்கணும்னா கையில காசு இருந்தா மட்டும் போதாது. வீடு எத்தனையாவது மாடி, படிக்கட்டு திரும்புற இடத்துல எவ்வளவு அகலம், தொட்டி வைக்கப்போற பக்கம் வெயில் அடிக்குமா, எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். பதிலும் சொல்லி, காசையும் குடுத்துட்டு, "சரிம்மா, குடுங்க, கார்ல வெச்சுக்கறேன்"னு கையை நீட்டினீங்கன்னா அண்ணி சிரிக்கக்கூட மாட்டாங்க. "நாங்க கொண்டு வந்து வைப்போம்"னுவாங்க. அதுக்கு மேல நீங்க தலைகீழா நின்னாலும் தொட்டி அந்த வாசலைத் தாண்டாது.

எத்தனை பேர் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க தெரியுமா! ஒருத்தர் எங்க பக்கத்து வீட்டுக்காரர். நிஜமாவே பக்கத்து வீடு, நடுவுல ஒரே ஒரு சுவர்தான். "நான் ரெண்டு எட்டு வெச்சா என் வீடும்மா"ன்னார். "அந்த ரெண்டு எட்டையும் நாங்க வைக்கிறோம்"னாங்க அண்ணி. நானும் அண்ணனும் தூக்கிட்டுப் போய் வெச்சோம். அதுக்கும் கூலி போடச் சொன்னாங்க. போட்டேன். அந்த மனுஷன் இன்னிக்கும் என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்குவார், கூலி கேட்டது என்னமோ நான்தாங்கற மாதிரி.

நான் இவங்களுக்கு நாத்தனார். கடையில பில் எழுதறது, போன் எடுக்கறது, திட்டு வாங்கறது எல்லாம் என் வேலை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே மேஜையில உக்காந்து இத்தனை வருஷமா ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறாம இருக்கோம்னா ரெண்டு பேருக்கும் மாலை போடணும். எனக்குக் கொஞ்சம் பெருசாவே போடணும், ஏன்னா பொறுமை என்னோடது, பிடிவாதம் அவங்களோடது.

கடைன்னு சொன்னா டயர் கடைக்குப் பின்னால இருக்கற ஒரு நீள ஷெட்டு. முன்னால மேஜை, பின்னால பட்டறை. உள்ள நுழைஞ்சதுமே பசையோட புளிச்ச வாடை மூக்குல ஏறும். புதுசா வர்றவங்க தும்முவாங்க, எங்களுக்கு அது இல்லைன்னாதான் ஏதோ குறையுதேன்னு இருக்கும். அண்ணி நின்னுக்கிட்டேதான் கண்ணாடி வெட்டுவாங்க. கட்டரை ஒரே இழுப்பா இழுத்து, பலகை ஓரத்துல வெச்சு ஒரு தட்டு. கண்ணாடி கோடு போட்ட இடத்துலயே பிரியும். அப்புறம் ஓரத்தைக் கல்லுல தேய்ச்சு, டேப் ஒட்டி நிறுத்தி, மூலைக்கு மூலை பசை போட்டு, விரலால ஒரு வழி வழிப்பாங்க. பசை நல்லா காஞ்ச பிறகு கீழ பழைய பேப்பரை விரிச்சு, தொட்டி நிறைய தண்ணி ஊத்தி வெச்சிடுவாங்க. பேப்பர்ல பொட்டு ஈரம் தெரிஞ்சாலும் அந்தத் தொட்டி விலைக்குக் கிடையாது. பிரிச்சு மறுபடி ஒட்டணும். மீன் தொட்டின்னா ஏதோ விளையாட்டுச் சாமான்னு நினைப்பீங்க. தண்ணி நிறைச்ச ஒரு பெரிய தொட்டி நாலு ஆள் கனம் கனக்கும், அதை அப்படியே தாங்கி நிக்கறது வெறும் பசைதான்.

இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யறவங்க ஏன் வாங்கறவர் கையில குடுக்க மாட்டேங்கறாங்க? அதுக்குக் காரணம் என் அண்ணன்.

கல்யாணத்துக்கு முன்னால அண்ணி ஒரு ஜன்னல் கண்ணாடிக் கடையில வேலை பாத்தாங்க. வெட்டி மிஞ்சற துண்டுகளை முதலாளிகிட்ட கேட்டு வாங்கி, சின்னச் சின்னத் தொட்டி செஞ்சு விப்பாங்க. என் அண்ணன் அப்ப சலூன் வெச்சிருந்தான். முடி வெட்டறதுல கெட்டிக்காரன். காத்திருக்கறவங்க வேடிக்கை பாக்க ஒரு தொட்டி வெச்சா நல்லா இருக்கும்னு இவங்ககிட்ட வாங்கப் போனான். வாங்கினான், சிநேகிதன் பைக்ல பின்னால உக்காந்து மடியில வெச்சுக்கிட்டு வந்தான். ரோட்டுல ஒரு பள்ளம். அடிக் கண்ணாடி பட்டுன்னு விட்டுப்போச்சு. விழுந்துடப் போகுதேன்னு இவன் இறுக்கிப் பிடிச்சான் பாருங்க, அந்தப் பிடியிலதான் போச்சு. வலது கையில ரெண்டு விரலோட நரம்பு அறுந்துபோச்சு. தையல் போட்டாங்க, காயம் ஆறிச்சு, ஆனா அந்த ரெண்டு விரலும் மடியாது. கத்தரியைப் பிடிக்கற விரலும் அதுல ஒண்ணு.

அண்ணி தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. எங்க வீட்டுல ஒருத்தரும் அவங்ககிட்ட முகம் குடுத்துப் பேசலை. நான் பேசவே இல்லை, முறைச்சேன். அப்படியும் வந்தாங்க. வந்து வந்து, கடைசியில வீட்டுக்கே மருமகளா வந்துட்டாங்க. சலூன் போச்சு, அண்ணன் வேன் ஓட்டக் கத்துக்கிட்டான். ஸ்டீரிங்கைப் பிடிக்க மூணு விரல் போதும்னு அவனே சொல்லிச் சிரிப்பான். பாதி கடன்ல பழைய வேன் ஒண்ணு வாங்கி, உள்ள பஞ்சு மெத்தை அடிச்சு, பக்கவாட்டுல பெல்ட்டு வெச்சு, அதை அவன் பாத்துக்கிட்ட மாதிரி என்னைக்கூடப் பாத்துக்கிட்டது இல்லை. அவனுக்குன்னு இருந்த தொழில் அதுதான். அண்ணி தொட்டி செய்வாங்க, அவன் கொண்டு போய் வைப்பான். ரசமட்டம் வெச்சு ஸ்டாண்டு நேரா நிக்குதான்னு பாத்துட்டுத்தான் தண்ணியே ஊத்த விடுவான்.

இப்ப வரிக்கு வரேன். அதுதானே விஷயம்.

பில்லுல நான் எப்பவும் ரெண்டு வரி எழுதுவேன். முதல்ல தொட்டி, அதுக்கு விற்பனை வரி. அடுத்து 'கொண்டு போய் வைக்கிற கூலி', அதுக்கு வரி கிடையாது. கூலிக்கு எவனாவது வரி போடுவானா? தொட்டி பொருள், அதை வித்தோம், வரி சரி. கூலி மனுஷன் உழைப்பு. நான் அப்படித்தான் நினைச்சேன், அண்ணியும் அப்படித்தான் நினைச்சாங்க, இதைப் படிக்கற நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க, சும்மா சொல்லாதீங்க.

ஒரு நாள் வரி ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. வருஷா வருஷம் ஏதாவது நாலு கடையைப் பாக்கணுமாம், இந்தத் தடவை எங்க தலையில விடிஞ்சது. பில் புக்கைக் கேட்டாங்க, குடுத்தேன். டீ வேணுமான்னேன், வேணாம்னாங்க. அமைதியாப் புரட்டிக்கிட்டே வந்தவங்க நிமிர்ந்து சுவரைப் பாத்தாங்க. சுவர்ல அண்ணி கையால எழுதின பலகை: 'தொட்டியை நாங்களே கொண்டு வந்து வைத்துத் தருவோம். கையில் தர மாட்டோம்.'

"இது நிஜமாவா? யாருக்குமே கையில குடுக்கறது இல்லையா?"

"யாருக்குமே இல்லை மேடம்"னேன் நான், பெருமையா.

அந்தம்மா பில்லைத் திருப்பி என் பக்கம் வெச்சாங்க. பொறுமையாத்தான் சொன்னாங்க, குறை சொல்ல முடியாது. வாங்கறவர் தானே எடுத்துட்டுப் போகலாம், இல்லைன்னா நீங்க கொண்டு போகலாம்னு ரெண்டு வழியும் இருந்து, அவர் விருப்பப்பட்டு உங்களைக் கொண்டு வரச் சொன்னா, அந்தக் கூலி தனி. அதுக்கு வரி இல்லை. ஆனா அந்தக் கூலியைக் குடுக்காம பொருளையே வாங்க முடியாதுன்னா, அது கூலி இல்லை, பொருளோட விலையில ஒரு பங்கு. பில்லுல தனி வரியில எழுதினாலும் சரி, தனித் தாள்ல எழுதினாலும் சரி, அதுக்கும் விற்பனை வரி உண்டு.

"அப்ப இத்தனை நாள் போட்ட கூலிக்கு..."ன்னு இழுத்தேன்.

"நீங்க வாடிக்கையாளர்கிட்ட வாங்கியிருக்கணும். வாங்கலை. இப்ப நீங்கதான் கட்டணும்."

பின்னால கண்ணாடி தேய்க்கற சத்தம் நின்னுபோச்சு. அண்ணி கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்காங்க.

நோட்டீஸ் வந்தது. பல வருஷத்துக் கூலி, அது அத்தனைக்கும் வரி, அதுக்கு மேல அபராதம். வித்து எடுக்கற மாதிரி எங்ககிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு, வேன். வேனை வித்தா தொட்டியைக் கொண்டு போக முடியாது. கொண்டு போகாம அண்ணி விக்க மாட்டாங்க. விக்கலைன்னா கடையை எதுக்குத் திறக்கணும்? அண்ணனுக்கு வேற என்ன வேலை தெரியும், அந்தக் கையை வெச்சுக்கிட்டு? நோட்டீசைப் படிச்சு முடிச்சதும் நாங்க மூணு பேரும் ஒரே நேரத்துல வாசல்ல நின்ன வேனைப் பாத்தோம்.

எங்க ஆடிட்டருக்கு நான் வெச்ச பேர் 'ஒண்ணுமில்ல சார்'. எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா"ன்னுதான் ஆரம்பிப்பார். அவர்கிட்ட ஓடினேன். நோட்டீசைப் படிச்சார், ரெண்டு தடவை படிச்சார்.

"ஒண்ணுமில்லம்மா. விருப்பம் இருந்ததா இல்லையாங்கறதுதான் கேள்வி. இருந்ததுன்னு உங்க அண்ணி ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுக்கட்டும். 'வாங்கறவங்க விரும்பினா கடையிலேயே எடுத்துட்டுப் போகலாம், சிலர் அப்படி எடுத்துட்டும் போயிருக்காங்க'ன்னு நாலே வரி. முடிஞ்சது."

"பலகை இருக்கே சார்?"

"பலகைல என்னம்மா இருக்கு? தொட்டி உடையாம போய்ச் சேரணும்னு அக்கறையில எழுதினது. அதையே கண்டிஷன்னு எடுத்துக்கணுமா? பேசிக்கலாம். கழட்டி உள்ள வைங்க முதல்ல."

எனக்கு உயிர் வந்தது. பேப்பரை அவரே டைப் அடிச்சுக் குடுத்தார். ரோட்டுல நடக்கறேனா பறக்கறேனான்னு தெரியாம கடைக்கு வந்து, மேஜை மேல வெச்சு, பேனாவையும் திறந்து நீட்டினேன்.

அண்ணி கையைத் துடைச்சுக்கிட்டு வந்து படிச்சாங்க. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. அப்புறம் பேனாவை மூடி என்கிட்டயே குடுத்துட்டாங்க.

"இதுல நான் போட மாட்டேன்."

"ஏன் அண்ணி?"

"சிலர் எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு எழுதியிருக்கு. யாரு எடுத்துட்டுப் போனா?"

"அய்யோ, அது ஒரு பேச்சுக்கு அண்ணி!"

"நான் குடுத்தது ஒருத்தருக்கு. அவர் கை என்ன ஆச்சுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கப்புறமும் ஊர்ல உள்ளவங்க கையில எல்லாம் தூக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்னு நானே எழுதி, கீழ என் பேரைப் போடணுமா?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "ஒரு கையெழுத்து அண்ணி! ஒரே ஒரு கையெழுத்து! ஊர் உலகத்துல யாருமே பொய் சொன்னது இல்லையா? வேன் போச்சுன்னா எல்லாரும் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான். உங்க வீம்புக்கு எங்க அண்ணன் நடுத்தெருவுல நிக்கணுமா?"ன்னு கத்தினேன். டயர் கடைக்காரர் எட்டிப் பாத்தார். "என்ன வேடிக்கை?"ன்னு அவரையும் ஒரு அதட்டு போட்டேன். நான் கத்தினது சரிதான், இப்பவும் சொல்றேன். என் கையெழுத்தைக் கேட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுட்டு, சாயங்காலம் டீ குடிச்சிருப்பேன்.

அண்ணன் அது வரைக்கும் வாயே திறக்கலை. அவன் எப்பவுமே வாயில்லாப் பூச்சி. வேன் படியில உக்காந்து பெல்ட்டு ஒண்ணைத் தைச்சுக்கிட்டு இருந்தான். மெதுவா எழுந்து வந்தான்.

"போட்டுடேன்"னான். "பழைய கதை அது. நானே மறந்துட்டேன்."

"நீங்க மறந்திருப்பீங்க"ன்னாங்க அண்ணி. "நான் மறக்கலையே."

அண்ணி பேப்பரை நாலா மடிச்சு என் கைப்பையில வெச்சுட்டு, மறுபடி கண்ணாடி வெட்டப் போயிட்டாங்க. பலகையைக் கழட்டவும் விடலை. நான் ஸ்டூல் போட்டு ஏறினேன், "இறங்கு"ன்னாங்க, இறங்கிட்டேன். அவங்க அப்படி ஒத்தைச் சொல்லாச் சொன்னா நான் என்ன, எங்க அப்பாவே இறங்கியிருப்பார்.

விசாரணைக்கு நாள் குறிச்சு வந்தது. ஆபீஸ் மூணாவது மாடியில, லிஃப்ட் வேலை செய்யலை. வரிசையா நாற்காலி, ஒரு ஃபேன், சுவரெல்லாம் அலமாரி. கடைக்கு வந்த அதே அம்மாதான் உக்காந்திருந்தாங்க. ஆடிட்டர் புது சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தார். அண்ணி கையெழுத்துப் போடலைன்னு அவர்கிட்ட நான் சொல்லவே இல்லை. கடைசி நிமிஷத்துல மனசு மாறுவாங்கன்னு எனக்கு ஒரு நப்பாசை. பேப்பரும் பேனாவும் என் பையிலதான் இருந்தது.

முதல்ல நல்ல செய்திதான் வந்தது. அந்தம்மா எங்க பில்லை எல்லாம் ரெண்டு கட்டாப் பிரிச்சு வெச்சிருந்தாங்க. வீடு மாத்தறவங்க தங்களோட பழைய தொட்டியைப் புது வீட்டுக்குக் கொண்டு போய் வைக்கச் சொல்லி எங்களைக் கூப்பிடுவாங்க. அந்த பில்லு ஒரு கட்டு. "இதுல நீங்க பொருள் எதையும் விக்கலை. வெறும் தூக்குக் கூலி. இதுக்கு விற்பனை வரி இல்லை, கழிச்சுட்டேன்"னாங்க. நான் ஆடிட்டரைப் பாத்தேன். "ஒண்ணுமில்லம்மா, நானே சொல்லணும்னு இருந்தேன்"னார். இருந்திருப்பார், இருந்திருப்பார்.

மிச்சம் இருந்த கட்டுதான் பெருசு. அந்தம்மா அதை அண்ணி முன்னால தள்ளி வெச்சாங்க.

"இதெல்லாம் புதுத் தொட்டி. நேராவே கேக்கறேன். இதுல வாங்கினவங்க யாராவது நானே எடுத்துட்டுப் போறேன்னு கேட்டிருந்தா, குடுத்திருப்பீங்களா?"

ஆடிட்டர் மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சார். நான் அண்ணியோட முந்தானையைப் பிடிச்சு இழுத்தேன். "ஆமா"ன்னு ஒரு வார்த்தை. ரெண்டே எழுத்து. வேன் வாசல்லயே நிக்கும்.

"இல்லை மேடம். குடுத்திருக்க மாட்டேன்."

"ஒருத்தருக்குக்கூடக் குடுத்தது இல்லையா?"

"ஒருத்தருக்குக் குடுத்திருக்கேன்."

ஆடிட்டர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா மேடம்! குடுத்திருக்காங்க! அப்ப வழக்கத்துல இருந்திருக்கு, விருப்பம் இருந்திருக்கு..."

"யாருக்குக் குடுத்தீங்க?"ன்னு அந்தம்மா அண்ணியைக் கேட்டாங்க.

"இவருக்கு"ன்னாங்க அண்ணி.

அண்ணன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். வெளியிடத்துல அவன் எப்பவும் வலது கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்குவான், அன்னிக்கும் அப்படித்தான் வெச்சிருந்தான். அண்ணி அவன் தோள்ல கையை வெச்சு, "எடுங்க"ன்னாங்க. அவன் எடுக்கலை. "எடுங்க, பரவாயில்லை"ன்னாங்க. எடுத்து மேஜை மேல வெச்சான். ரெண்டு விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

"அப்ப இவர் முடி வெட்டறவர். நான் செஞ்ச தொட்டியை இவர் கையில குடுத்து அனுப்பினேன். நல்ல தொட்டிதான், ஒரு சொட்டு ஒழுகலை. ஆனா எப்படிப் பிடிக்கணும்னு இவருக்குத் தெரியாது. தெரியாதவர் கையில குடுத்தது நான். அதுக்கப்புறம் யாருக்கும் குடுக்கலை மேடம். இனிமேலும் குடுக்க மாட்டேன். அதனால வரி உண்டுன்னா உண்டு, கட்டறேன். எதை வேணும்னாலும் வித்துக் கட்டறேன். ஆனா மத்தவங்களுக்கும் குடுத்தேன்னு மட்டும் எழுதித் தர மாட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. ஆஸ்பத்திரியில இவங்களை முறைச்சேனே, அதைத் தாங்கிக்க இவங்களுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்கும்னு இருந்தது. வேன் போகப்போகுதேங்கற வயித்தெரிச்சல் ஒரு பக்கம், இப்படி ஒருத்தி எங்க வீட்டுக்கு வந்திருக்காளேங்கற பெருமை ஒரு பக்கம். மூக்கைச் சிந்திக்கிட்டே உக்காந்திருந்தேன். ஆடிட்டர் பாவம், எழுந்தவர் உக்காரவும் தெரியாம நின்னுக்கிட்டே இருந்தார்.

அந்தம்மா அண்ணன் கையைப் பாத்தாங்க. அப்புறம் பேனாவை எடுத்தாங்க.

"வரியை நான் விட முடியாது. சட்டத்துல இதுக்கு இடம் இல்லை. நீங்க சொன்னதை வெச்சுப் பாத்தா இந்தக் கூலி அத்தனைக்கும் வரி உண்டு. ஆனா நீங்க எதையும் மறைக்கலை. பலகையிலேயே எழுதி வெச்சிருக்கீங்க, பில்லுலயும் எழுதியிருக்கீங்க. அபராதத்தை ரத்து பண்றேன். பாதியை இப்பவே கட்டிடுங்க, மீதியைத் தவணையில கட்டலாம்."

அவங்களால முடிஞ்சது அது. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பாதிக்கே வேன் போக வேண்டியதாப்போச்சு.

நாலு தெரு தள்ளி இருக்கற ரொட்டிக்கடைக்காரர் வாங்கிக்கிட்டார். அண்ணன் உள்ள இருந்த பெல்ட்டுகளைக் கழட்டி எடுத்துக்கறேன்னான், அவர் "இருக்கட்டும் தம்பி, தட்டு அடுக்க உதவும்"னுட்டார். சாவியைக் குடுத்துட்டு நடந்தே வந்தான். வந்து, வேன் நிக்கற இடத்தைப் பெருக்கினான். எண்ணெய்க் கறையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினான். அப்புறம் பட்டறையில போய் ஒரு மூலையில உக்காந்துட்டான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரலை. அண்ணியும் கூப்பிடலை. அவங்களுக்கு அவனை நிமிர்ந்து பாக்கத் தைரியம் இல்லைன்னு எனக்குத் தோணுச்சு. அந்தப் பொம்பளை பயந்து நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான்.

ரெண்டு மூணு நாள் அப்படியே ஓடுச்சு. யாருமே வரலை, வராத வரைக்கும் நிம்மதின்னு இருந்தேன். வந்தா என்ன சொல்றது?

அப்புறம் ஒரு பல் டாக்டர் வந்தார். புது கிளினிக்காம், காத்திருக்கற குழந்தைங்க பயப்படாம இருக்க பெரிய தொட்டியா ஒண்ணு வேணும்னார். கடையிலேயே பெரிய தொட்டி, செஞ்சு சோதிச்சு ரெடியா நின்னது, அவருக்குப் பிடிச்சுப்போச்சு. அண்ணி வழக்கம்போல மாடி, படிக்கட்டு, வெயில் எல்லாம் கேட்டாங்க. எந்தத் தைரியத்துல கேக்கறாங்கன்னு எனக்குப் புரியலை. "பில் போடு"ன்னாங்க. போட்டேன். தொட்டி, ஸ்டாண்டு, கொண்டு போய் வைக்கிற கூலி. மொத்தத்தையும் கூட்டி அதுக்கு வரி. கூலியையும் சேர்த்து வரி போட்டு நான் எழுதின முதல் பில் அது, பேனா நகரவே மாட்டேன்னுது.

டாக்டர் பில்லைப் பாத்துட்டுச் சிரிச்சார். "என்னம்மா இது, தூக்கிட்டு வர்றதுக்குமா வரி?"

"ஆமா சார், அதுக்கும் உண்டு"ன்னேன்.

"எதுக்கு அநியாயமா? கூலியும் வேணாம், வரியும் வேணாம். என் ஜீப் வாசல்லயேதான் நிக்குது. நானும் டிரைவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சா ஏத்திடுவோம்."

நான் அண்ணி காதுல குனிஞ்சு, "குடுத்துடுங்க அண்ணி. நம்மகிட்ட வண்டியே இல்லை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னேன். கெஞ்சினேன்னே வெச்சுக்கோங்க. அவ்வளவு பெரிய தொட்டி அடுத்து எப்ப விக்குமோ! அண்ணி வாசலைப் பாத்தாங்க. வேன் நிக்கற இடத்துல ஜீப் நின்னுக்கிட்டு இருந்தது.

"என்னம்மா, எடுத்துக்கட்டுமா?"ன்னு டாக்டர் தொட்டி ஓரத்துல கையை வெச்சார்.

"கையை எடுங்க சார்."

சொன்னது அண்ணி இல்லை, அண்ணன். மூலையில இருந்து எழுந்து வந்திருந்தான். இத்தனை வருஷத்துல வாங்க வந்தவங்ககிட்ட அவன் பேசி நான் கேட்டதே இல்லை. டாக்டருக்கும் தொட்டிக்கும் நடுவுல வந்து நின்னு, வலது கையைத் தொட்டி மேல வெச்சான், ரெண்டு விரலும் அவருக்கு நல்லாத் தெரியற மாதிரி.

"நாங்க யார் கையிலயும் குடுக்கறது இல்லை சார். இது வழுக்கும், நரம்பை அறுக்கும். நாளைக்கு மத்தியானம் நான் கொண்டு வந்து வெச்சுத் தரேன்."

டாக்டர் அந்த விரல்களைப் பாத்தார். டாக்டர் இல்லையா, பாத்ததுமே புரிஞ்சிருக்கும். கையை எடுத்துட்டு, பர்சைத் திறந்தார்.

"எதுல அண்ணா கொண்டு போவ?"ன்னேன்.

"ரொட்டிக்கடைக்காரர் காலையிலேயே ரொட்டி எல்லாம் போட்டு முடிச்சிடுவார். மத்தியானம் வண்டி சும்மாத்தான் நிக்கும். வாடகைக்குக் கேக்கறேன். பெல்ட்டெல்லாம் அதுலயேதான் இருக்கு"ன்னான். செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கினவன், திரும்பி அண்ணியைப் பாத்து, "வர்றியா? நீயும் வந்து பேசினா அவர் வாடகையைக் கொஞ்சம் குறைப்பார்"னான்.

அண்ணி கையைத் துடைக்கக்கூட இல்லை. கண்ணாடித் தூளோடயே அவன் பின்னால வேகமா நடந்தாங்க. நான் டாக்டர்கிட்ட பணத்தை வாங்கிக்கிட்டு, வரியையும் சேர்த்து பில்லைக் கிழிச்சுக் குடுத்தேன்.